பஞ்சுக் கணக்கும் ஜன்னல் திரையும்



பருத்தி போடுகிறவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், இந்த வருஷம் விலை எப்படி இருக்கும்?" காய்ப்புழுவைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லலாம், உர அளவைக் கேட்டாலும் சொல்லலாம். விலையைக் கேட்டால் மட்டும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில், உலகத்துப் பஞ்சைக் கணக்கெடுத்த கதையைக் கேளுங்கள்.

பஞ்சு வியாபாரத்தில் சரக்கை விடச் செய்திதான் முந்தி ஓடும். இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுகத்துத் தரகர்கள் 1841ல் ஒரு சங்கம் வைத்தார்கள். எந்தக் கப்பலில் எத்தனை பேல் வந்தது, கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, ஆலைக்காரர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று கணக்கு எழுதுவதே அவர்களுக்குப் பிழைப்பு. அந்தக் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. விளைவித்தவன் கையில் இல்லை. 1861ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, இங்கிலாந்துக்கு வந்துகொண்டிருந்த பஞ்சில் பெரும்பகுதி நின்றது. பம்பாயிலிருந்து போன நம் நாட்டுப் பஞ்சுக்குத் தங்கத்தின் மதிப்பு வந்துவிட்டது. வயலில் இருந்த மற்றப் பயிரை எடுத்துவிட்டுப் பருத்தி போட்டவர்கள் ஏராளம். 1865 ஏப்ரலில் போர் முடிந்தது என்ற செய்தி வந்ததும் விலை சரிந்து, பம்பாயில் பெரிய பெரிய கம்பெனிகளே கவிழ்ந்தன. கடன் வாங்கிப் பருத்தி போட்ட குடியானவன் கதி என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை அரசாங்கமே எடுக்க ஆரம்பித்தது. விவசாய இலாகா ஊர் ஊராக ஆட்களிடம் விவரம் கேட்டு, எத்தனை ஏக்கர், பயிர் எப்படி என்று அறிக்கை போடும். வியாபாரியும் விவசாயியும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஓட்டை இல்லாத பானை உண்டா? 1905ல் ஒரு விஷயம் வெளியே வந்தது. அந்த இலாகாவில் புள்ளிவிவர அதிகாரியாக இருந்த ஹோம்ஸ் என்பவர், அறிக்கை வெளியாகும் முன்பே நியூயார்க் சூதாட்ட வியாபாரிகளுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார். எப்படித் தெரியுமா? ஜன்னல் திரையை ஏற்றியும் இறக்கியும்! தெருவில் நிற்கிற ஆள் திரையின் உயரத்தைப் பார்த்தே விளைச்சல் கூடுதலா குறைவா என்று புரிந்துகொள்வான். நம்ம ஊர்ச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து மாட்டு விலை பேசுவார்களே, அதற்குத் தம்பி முறை இது.

இதைக் கிளப்பி விட்டவர்கள் தென் மாநிலப் பருத்தி விவசாயிகளின் சங்கத்தார் என்பதைக் கவனியுங்கள். இலாகாவின் புள்ளிவிவரத் தலைவர் பதவி விலகினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அரசாங்கக் கணக்கை முன்கூட்டித் திருடுவது அரசாங்கத்தையே ஏமாற்றுவதுதான் என்று 1910ல் தீர்ப்பு வந்தது. அன்று முதல் அறிக்கை தயாராகும் அறையைப் பூட்டிவிடுவார்கள். ஜன்னலை மூடி, டெலிபோனைத் துண்டித்து, வெளியிடும் நேரம் வரை யாரையும் விடுவதில்லை.

கணக்கு இப்படி ஒழுங்காயிற்று. அடுத்து விலையையும் சொன்னால் என்ன என்று அந்த இலாகாவுக்கு ஆசை வந்தது. 1927 செப்டம்பரில், பஞ்சு விலை இறங்கலாம் என்று ஒரு அறிக்கையில் எழுதினார்கள். எழுதியதுதான் தாமதம், மார்க்கெட் படுத்துவிட்டது. அறுவடையைக் கையில் வைத்திருந்த விவசாயிகள் கொதித்தார்கள். முடிவில் 1929ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது: விவசாய இலாகா இனிப் பஞ்சு விலையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. கோதுமைக்குச் சொல்லலாம், சோளத்துக்குச் சொல்லலாம், பஞ்சுக்கு மட்டும் கூடாது. 2008ல்தான் அந்தத் தடை நீங்கியது. ஏறக்குறைய எண்பது வருஷம்!

இதை நான் படித்தது 2012ல். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

2010 நடுவில் நியூயார்க்கில் ராத்தல் 80 சென்டுக்கும் குறைவாக இருந்த பஞ்சு, 2011 மார்ச்சில் 2 டாலரைத் தாண்டியது. நம் நாட்டில் சங்கர்-6 ரகப் பஞ்சு கண்டி 60,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. எங்கள் பக்கம் பருத்தி குவிண்டால் 6,000 ரூபாயைத் தாண்டி ஏலம் போனது. அந்தப் பங்குனியில் ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "அடுத்த வருஷமும் இந்த விலை நிக்குமா சார்?" என்றார். "நிக்கும் அய்யா, உலகத்துலயே பஞ்சு இல்லை" என்று சொன்னேன். மைக் முன்னால் நின்றால் வாய் தானாக நீளும். அவர் சித்திரையிலேயே முன்பணம் கொடுத்து மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துவிட்டார். தையில் பருத்தி வெடித்து வந்தபோது விலை 4,000 ரூபாய். எடுப்புக் கூலி, குத்தகை எல்லாம் போக அவருக்கு மிஞ்சியது கடன். விற்பனைக் கூட வாசலில் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னீங்கன்னுதானே சார் பிடிச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

இதில் வேதனை என்னவென்றால், பதில் அச்சில் இருந்தது. அமெரிக்க இலாகாவின் 2011 மே அறிக்கையிலேயே, வரும் பருவத்தில் உலகப் பஞ்சு உற்பத்தி நன்றாகக் கூடும் என்று கணக்கு வந்துவிட்டது. விலை ஏறினால் உலகம் முழுக்க எல்லாரும் பருத்திதான் போடுவார்கள், இது பாமரனுக்கும் தெரிந்த நியாயம். குத்தகைப் பணம் போனாலும், ஆடியில் விதை போடுமுன் நான் ஒரு எட்டுப் போய்ச் சொல்லியிருந்தால் அவர் மக்காச்சோளம் போட்டிருப்பார்.

இன்னொன்றும் நான் பார்க்கத் தவறினேன். பஞ்சு இல்லையென்றால் ஆலை நிற்காது, வேறு இழைக்குப் போகும். இங்கிலாந்தில் 1941ல் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த பாலியஸ்டர்தான் நமக்கு டெரிலின் என்று வந்தது. எங்கள் அப்பா காலத்தில் டெரிலின் சட்டை என்றால் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்வது. 1960ல் உலகத்துத் துணி இழையில் மூன்றில் இரண்டு பங்கு பஞ்சு. இன்று நாலில் ஒரு பங்குகூட இல்லை, பாதிக்கு மேல் பாலியஸ்டரே. 2011 விலையைப் பார்த்துப் பஞ்சைக் குறைத்த ஆலைகளில் பல, விலை இறங்கிய பிறகும் பழைய அளவுக்குத் திரும்பி வரவில்லை. ஆகவே பருத்திக்காரன் பருத்தியை மட்டும் பார்த்தால் போதாது, பெட்ரோலிய எண்ணெய் விலையிலும் ஒரு கண் வேண்டும்.

வாஷிங்டனில் சர்வதேசப் பருத்தி ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. விற்காத பஞ்சு மலையாகக் குவிந்ததால் 1939 செப்டம்பரில் ஆரம்பித்தார்கள். அதே மாதம் உலகப் போரும் ஆரம்பித்தது, பாருங்கள் நேரத்தை. அவர்களும் இந்தக் கணக்கை வெளியிடுகிறார்கள். இவற்றில் நான் முதலில் பார்ப்பது வருஷக் கடைசி மிச்சத்தை. உலக ஆலைகளுக்கு ஒரு வருஷம் தேவைப்படுவதில் எத்தனை பங்கு கிடங்கில் மிச்சம் என்று பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2011க்குப் பிறகு சீன அரசாங்கம் பஞ்சை வாங்கி வாங்கி அடுக்கியது, 2014 வாக்கில் உலக மிச்சத்தில் பாதிக்கு மேல் அவர்கள் கிடங்கில் கிடந்தது. கிடங்கைத் திறக்கும் வரை அது மார்க்கெட்டுக்கு வராத சரக்கு. ஆகவே சீனாவைத் தனியாகவும் மற்ற நாடுகளைத் தனியாகவும் பார்க்க வேண்டும். அமெரிக்க பேல் சுமார் 218 கிலோ, நம்முடையது 170 கிலோ. இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டு முழித்தவர்களில் நானும் ஒருவன்.

அமெரிக்க அறிக்கை மாதம் ஒருமுறை, வாஷிங்டனில் பகல் 12 மணிக்கு வருகிறது. நமக்கு அது இரவு 9.30, குளிர் மாதங்களில் 10.30. செல்போன் இருந்தால் அப்போதே பார்க்கலாம். மறுநாள் காலையில் அந்தப் பெரியவருக்கு போன் போட்டு, விளைச்சல் இவ்வளவு, ஆலைச் செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, போன மாதத்துக்கு இது கூடுதலா குறைவா என்று படித்துக் காட்டுவேன். அவர் ஒரு பழைய டைரியில் குறித்துக்கொள்வார். "அப்ப விலை சார்?" என்று இப்போதும் கேட்கத்தான் செய்கிறார். அதற்கு மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை.