கிரேஸ்டோன்ஸ்: டப்ளின் அருகே கடலோர வாடகை வீடு

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினுக்குத் தெற்கே, விக்லோ மாவட்டத்தில் உள்ள கடலோர நகரம் கிரேஸ்டோன்ஸ். டப்ளினில் வேலை செய்வோர் பலர் இங்கு வாடகைக்குத் தங்கி, டார்ட் மின்சார ரயிலில் சென்று வருகின்றனர். 2000ஆம் ஆண்டில் இங்குவரை நீட்டிக்கப்பட்ட அத்தடத்தின் தெற்குக் கடைசி நிலையம் இதுவே. நகர மையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அண்டை நகரான பிரே வரை ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ரயில் அடிக்கடி வராது.

மலேசியாவில் இரண்டு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் கேட்பது வழக்கம். அயர்லாந்தில் 2021 முதல், ஒரு மாத முன்பணம், ஒரு மாத வாடகை ஆகியவற்றுக்கு மேல் வீட்டுக்காரர் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. கூடுதலாகக் கேட்பவரிடமும், வெளியூரில் இருப்பதாகக் கூறி வீட்டைக் காட்டாமலே பணம் கேட்பவரிடமும் எச்சரிக்கை தேவை. வீட்டை நேரில் பார்த்து, ஒப்பந்தம் கையெழுத்தான பின்னரே பணம் கொடுப்பது நல்லது.