டப்பா, காட்டன், கற்பனைப் பணம்: ஒரு விளையாட்டின் நிஜ வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு யோசனை வந்தது. இணையத்தில் கற்பனைப் பங்குச் சந்தை விளையாட்டு ஒன்று நடத்தலாம், ஆளுக்கு 10 லட்சம் பொய்ப் பணம், நிஜ நிறுவனங்களின் நிஜ விலை, நுழைவுக் கட்டணம் 200 ரூபாய், மூன்று மாதம் கழித்து முதலில் வருபவருக்கு மொத்தத் தொகையும். "டீச்சர்தான் நடுவர்" என்று தீர்மானமும் போட்டுவிட்டீர்கள். ஒரு வாரம் தவணை கேட்டிருந்தேன். நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, திருவொற்றியூரில் உங்களுக்குக் கணக்கும் சமூக அறிவியலும் நடத்தியவள். அதனால் என் பாணியில் முதலில் வரலாறு, கடைசியில் பதில்.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம், பங்குச் சந்தை என்பது மும்பை சமாச்சாரம் மட்டும் இல்லை. ராயபுரத்திலிருந்து பாரிமுனை போகும் வழியில், துறைமுகத்துக்கு எதிரே உள்ள செகண்ட் லைன் பீச் சாலையில்தான் மெட்ராஸ் பங்குச் சந்தை இருந்தது. 1920இல் தொடங்கியது. பம்பாய், அகமதாபாத், கல்கத்தாவுக்கு அடுத்து நாட்டிலேயே நான்காவது, தென்னிந்தியாவில் முதலாவது. தொடங்கும்போது 100 உறுப்பினர்கள். முதல் உலகப் போரை ஒட்டி வந்த விலையேற்றம் அடங்கியதும், 1923இல் மிஞ்சியவர்கள் 3 பேர். கதவைச் சாத்திவிட்டார்கள். தெற்கே நூற்பாலைகளும் தோட்டக் கம்பெனிகளும் பெருகிய பிறகு 1937இல் மறுபடி திறந்தார்கள். 1957இல் மெட்ராஸ் பங்குச் சந்தை லிமிடெட் என்று பெயர் மாறியது.

அங்கே கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலத்தில், தரகர்கள் ஒரே கூடத்தில் கூடி நின்று, கையைக் காட்டி, தொண்டை கிழியக் கத்தி வாங்கி விற்றார்கள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவன் விலை சொல்வான், இன்னொருவன் "எடுத்துக்கிட்டேன்" என்பான், அந்த நொடியில்தான் விலை பிறக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அங்கே கைமாறிய காகிதங்களுக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். 2023 ஜூன் 13 அன்று அதன் ஒரு பங்கின் விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் எந்தப் பங்கும் அதற்கு முன் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ், 1955 முதல் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, கார்போரண்டம் யுனிவர்சல். உங்கள் அப்பாக்கள் சங்கு ஊதியதும் சைக்கிளில் போய் நுழைந்த கேட்டுகள் இவை. அவர்கள் கை உழைப்பு செகண்ட் லைன் பீச்சில் விலையாக மாறியது. ஆனால் நம் தெருக்களில் பங்கு வைத்திருந்தவர்கள் அபூர்வம். நமக்குச் சீட்டு, நகை, தபால் நிலையம், அவ்வளவுதான்.

1994 நவம்பரில் தேசிய பங்குச் சந்தை கணினித் திரையில் வர்த்தகத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக எந்த ஊரிலிருந்தும் ஒரே விலையில் வாங்கலாம், விற்கலாம் என்று ஆனதும் வட்டாரச் சந்தைகளின் மூச்சு அடங்கத் தொடங்கியது. 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்து காகிதப் பத்திரங்களும் கணக்கு எண்களாக மாறின. ஆண்டுக்கு 1000 கோடி ரூபாய் வர்த்தகம் இல்லாத சந்தைகள் வெளியேற வேண்டும் என்று 2012இல் செபி சொன்னது. 2015 மே மாதம் மெட்ராஸ் பங்குச் சந்தை அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது. சத்தம் போட்டு விலை பேசிய கூடம் போய், ஆளுக்கொரு கைப்பேசி வந்தது. கற்பனை விளையாட்டுகள் முளைத்ததும் இந்த மாற்றத்தில்தான்.

அந்த விளையாட்டுகளின் தொடக்கம் நல்ல நோக்கம்தான். அமெரிக்கப் பள்ளிகளில் 1977 முதலே மாணவர்களுக்குக் கற்பனைப் பணம் கொடுத்துப் பங்கு வாங்கச் சொல்லிக் கணக்கும் பொருளாதாரமும் கற்பிக்கிறார்கள். 1996இல் ஹாலிவுட் பங்குச் சந்தை என்று ஒன்று இணையத்தில் வந்தது. அங்கே கம்பெனிகளுக்குப் பதில் சினிமாக்களும் நடிகர்களும் பங்குகள். நம் நாட்டில் மணிகண்ட்ரோல் நடத்திய மணிபாய் விளையாட்டில் ஒரு தலைமுறையே பழகியது. நம் பிள்ளைகள் சிலரும் அதில் ராத்திரி கண்விழித்தது எனக்குத் தெரியும்.

ஆனால் விலையை மட்டும் வைத்துக்கொண்டு, பொருளைத் தொடாமல் ஆடுவதற்கு இன்னொரு வம்சாவளி இருக்கிறது. அது அவ்வளவு நல்ல குடும்பம் இல்லை.

1867இல் நியூயார்க்கில் பங்கு விலையைத் தந்தி வழியாகக் காகித நாடாவில் அச்சடிக்கும் கருவி வந்தது. விலை ஊரெல்லாம் பரவியதும், தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. 'பக்கெட் ஷாப்' என்று பெயர், வாளிக் கடை. ஒரு கரும்பலகை, நாடாவைப் பார்த்து விலை எழுத ஒரு பையன், பணம் வாங்க ஒரு ஆள். நீங்கள் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிச் சிறு தொகை கட்டுவீர்கள். கடைக்காரர் எந்தப் பங்கும் வாங்க மாட்டார். விலை ஏறினால் அவர் தர வேண்டும், இறங்கினால் உங்கள் பணம் அவருக்கு. உங்கள் நஷ்டம்தான் அவருடைய லாபம்.

ஜெஸ்ஸி லிவர்மோர் என்ற பையன் பாஸ்டனில் இப்படிக் கரும்பலகையில் விலை எழுதும் வேலையில் சேர்ந்தான். எண்களின் போக்கு அவனுக்குப் பிடிபட்டது. வாளிக் கடைகளில் ஜெயித்து ஜெயித்து, கடைக்காரர்களே உள்ளே விடாத அளவுக்கு ஆகிவிட்டான். பிறகு நிஜச் சந்தைக்குப் போனான், பணத்தை இழந்தான். ஏன்? அவன் வாழ்க்கையைத் தழுவி 1923இல் வந்த புத்தகம் காரணத்தைச் சொல்கிறது. வாளிக் கடையில் பலகையில் இருந்த விலைதான் உங்கள் விலை. நிஜச் சந்தையில் நீங்கள் சொல்லி, தரகர் போய், விற்பவரைப் பிடிப்பதற்குள் விலை நகர்ந்துவிடும். விளையாட்டில் கெட்டிக்காரன் என்பது நிஜத்தில் செல்லுபடியாகவில்லை. பின்னாளில் அவர் பெரும் பணக்காரரும் ஆனார், பலமுறை திவாலும் ஆனார்.

1905இல் சிகாகோ வர்த்தக வாரியத்துக்கும் கிறிஸ்டி கடைக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விலைப் பட்டியல் சந்தையின் சொத்து, அதை வாளிக் கடைகளுக்குத் தர மறுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். கடையை மூடுவதற்குச் சாவி கதவில் இல்லை, விலை வரும் கம்பியில் இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் நாட்டில் அந்த வாளிக்குப் பெயர் டப்பா. டப்பா டிரேடிங் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சந்தைக்கே போகாமல், தரகர் தன் நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பந்தயம். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். 10 ஆண்டு வரை சிறை, 25 கோடி ரூபாய் வரை அபராதம்.

இதற்கு ஒரு அண்ணன் நம் தெருவிலேயே உண்டு. 'காட்டன் சூதாட்டம்: இருவர் கைது' என்று பேப்பரில் எத்தனை முறை பார்த்திருப்போம். துண்டுச் சீட்டில் எண் எழுதித் தரும் சூதுக்கு ஏன் காட்டன் என்று பெயர் என்று யோசித்ததுண்டா? நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தியில் பம்பாய்க்கு வரும். அந்த எண்கள்மேல் பந்தயம் கட்டினார்கள். 1961இல் அந்த விலை வருவது நின்றது. சூது நின்றதா? இல்லை. பானையில் சீட்டைப் போட்டு எண்ணை எடுத்தார்கள். பானைக்கு மட்கா என்று பெயர், சூதுக்கும் அதே பெயர் வந்தது. நம் பக்கம் மட்டும் காட்டன் என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

இதிலிருந்து நான் ஒரு சோதனை எடுத்துக்கொண்டேன். விலைக்குப் பதில் பானையிலிருந்து எடுத்த எண்ணை வைத்தாலும் ஆட்டம் அதே சுவையோடு நடக்குமானால், அங்கே யாரும் எதையும் கற்கவில்லை, சூதுதான் ஆடுகிறார்கள்.

சரி, உங்கள் போட்டி இந்தச் சோதனையில் தேறுமா? கணக்கு டீச்சராகப் பார்க்கிறேன். 1024 பேர் ஆளுக்குப் 10 முறை நாணயம் சுண்டினால், சராசரியாக ஒருவருக்குப் பத்தும் தலையாகவே விழும். அவருக்குத் திறமை ஒன்றும் இல்லை, ஆனால் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வார். மூன்று மாதப் போட்டியில் முதலிடம் வேண்டுமென்றால் நிதானமாகப் பத்துப் பங்கு வாங்குகிறவர் வர முடியாது. மொத்தத்தையும் ஒரே சில்லறைப் பங்கில் போடுகிறவர்தான் வருவார். தோற்றால் போவது பொய்ப் பணம்தானே. ஆக, இந்தப் பட்டியல் துணிச்சலுக்குப் பரிசு தருகிறது, படிப்புக்குத் தருவதில்லை.

நடத்துகிறவர் பாடும் சுலபமில்லை. 2025 ஜூலையில் அசோக் லேலண்ட் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தது. அன்று விலை பாதியாகத் தெரியும். நடத்துகிறவர் எல்லோருடைய கணக்கிலும் பங்கை இரட்டிப்பாக்க மறந்தால், பாதிப் பணம் போய்விட்டதாகக் குழுவில் கூச்சல். விலை 15 நிமிடம் தாமதமாக வந்தால், வேறு திரையில் நேரடி விலை பார்ப்பவன் நாளைய பேப்பரை இன்றே படித்தவன் ஆகிவிடுவான். விற்பவரே இல்லாத சின்னப் பங்கை விளையாட்டில் ஒரு கோடிக்கு வாங்கலாம், நிஜத்தில் ஆயிரம் ரூபாய்க்குக்கூடக் கிடைக்காது. ஒருவரே மூன்று பெயரில் நுழைவது வேறு.

செபியும் இதையெல்லாம் கவனித்திருக்கிறது. பங்குச் சந்தை லீக், போட்டி என்று நடப்பவற்றில் சேர வேண்டாம் என்று 2016இலேயே எச்சரித்தது. 2024 மே மாதச் சுற்றறிக்கையில், நேரடி விலையை இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்குத் தரக்கூடாது, பணப் பரிசு இல்லாத கல்விக்கென்றால் ஒரு நாள் பழைய விலையைத் தரலாம் என்றது. 2024 நவம்பரில் கற்பனை வர்த்தகச் செயலிகளைப் பற்றி மறுபடி எச்சரித்தது; அங்கே ஏமாந்தால் முதலீட்டாளர் பாதுகாப்போ குறைதீர்ப்போ கிடைக்காது. 2025 ஜனவரியில் வந்த சுற்றறிக்கை, பாடம் மட்டும் நடத்துகிறவர்கள் கடைசி மூன்று மாத விலையை எடுத்துப் பேசக்கூடாது என்றது. 1905இல் ஹோம்ஸ் காட்டிய அதே வழி, கம்பியைக் கட்டுப்படுத்துவது.

இவ்வளவு எழுதக் காரணம் சட்டம் மட்டும் இல்லை. நம் மாணவர் ஒருவர், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், ஏதோ ஒரு செயலியில் கற்பனைப் போட்டி ஆடி முதல் பத்துக்குள் வந்தார். அடுத்த மாதமே ஒரு அழைப்பு, "உங்க திறமைக்கு நிஜப் பணம் போடுங்க சார்." சீட்டு எடுத்த பணம், பிறகு மனைவியின் வளையல். என்னிடம் வந்து சொன்னபோது அவர் அழவில்லை. "டீச்சர், விளையாட்டுல நான் தோத்ததே இல்ல" என்றார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. முறையான சந்தையிலும் நிலைமை இதுதான். 2024 செப்டம்பரில் வந்த செபி ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

ஆகவே என் பதில். 200 ரூபாய் கட்டணமும் பணப் பரிசும் இருந்தால் நான் நடுவர் இல்லை, அந்தக் குழுவிலும் இருக்க மாட்டேன். ஆனால் விளையாட்டே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு மாதிரி ஆடுவோம்.

பழைய ஆண்டு ஒன்றின் விலைகளை நான் எடுத்து வருகிறேன். கம்பெனிகளின் பெயர் மறைத்து அ, ஆ, இ என்று மட்டும் இருக்கும். லாபமும் கடனும் ஒரு தாளில் கொடுப்பேன். செயலி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஓரிடத்தில் கூடி, செகண்ட் லைன் பீச்சில் செய்ததுபோலக் கத்தி வாங்கி விற்க வேண்டும். எதிரே விற்க ஒரு மனிதர் இருந்தால்தான் வாங்க முடியும். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் தரகு பிடிப்பேன். ஏன் வாங்கினீர்கள் என்று நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். மதிப்பெண் பணத்துக்கு இல்லை, அந்த இரண்டு வரிக்கு. கடைசியில் கம்பெனிகளின் பெயரையும், அந்த ஆண்டில் அவற்றுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்வேன். பரிசு என் செலவில் ஒரு புத்தகம்.

இன்னொரு வீட்டுப்பாடம், உறவினர்களுக்கும் சேர்த்து. அப்பா, தாத்தா காலத்துப் பீரோவைத் திறந்து பாருங்கள். பழைய பங்குப் பத்திரம் ஏதாவது இருந்தால் குப்பை என்று போட்டுவிடாதீர்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை வாங்காமல் விட்ட பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். ஆனால் வாரிசுகள் ஆவணங்களோடு விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழி உண்டு. அதற்குக் கட்டணம் கேட்டு யாராவது போன் செய்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருபவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். நோட்டும் பேனாவும் கட்டாயம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்