கல்யாண் துறையும் கற்கள் கூறும் சான்றும்

கோடை விடுமுறை வந்துற்றால் நம்மவர் இல்லங்களில் பெட்டி படுக்கை கட்டும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். மதுரைக் கோயிலும் தஞ்சைப் பெரிய கோயிலும், 1851-இல் தோன்றிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகமும் கண்டு மீள்வோம். இரண்டாண்டுகளுக்கு முன் அவ்வாறு மீண்டு வந்த இரவில், கல்யாண் சந்திப்பில் மூட்டைகளோடு இறங்கி நிற்கையில் என் மகள், "அப்பா, நம்ம ஊர்லதான் எல்லாம் பழசு. இங்கே பழசுன்னா இந்த ஸ்டேஷன் மட்டும்தான்" என்றாள். இந்நகருக்கு இருப்புப்பாதை வந்தது 1854 மே முதல் நாள் என்பதை அவள் பள்ளியில் படித்திருந்தாள். பிறந்து வளர்ந்த ஊரை 'இங்கே' என்றும், ஆண்டுக்கு இருபது நாள் தங்கும் ஊரை 'நம்ம ஊர்' என்றும் அவள் சொன்னது என்னை உறுத்திற்று. அப்படிச் சொல்லக் கற்பித்தவர்கள் நாமேயன்றோ?

கிறித்து பிறந்த முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூலை நம் இலக்கிய அன்பர்கள் நன்கறிவர். முசிறியையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்நூலைச் சான்று காட்டுவது நம் வழக்கம். அதே நூலில், முசிறிக்குச் சில பக்கங்கள் முன்னரே, 'கல்லியேனா' என்னும் பெயரில் நம் கல்யாண் இடம்பெறுகிறது. முன்பு முறையான வாணிகத் துறையாக இருந்த இந்நகர் சந்தரேசன் என்பான் கைக்கு மாறியபின் இடையூறுக்கு உள்ளாயிற்று என்றும், இங்கு வந்தணையும் கிரேக்கக் கலங்கள் காவலுடன் பரூச் துறைக்குக் கொண்டு செல்லப்பட்டன என்றும் அம்மாலுமி எழுதுகிறான். சாதவாகனருக்கும் வடக்கே ஆண்ட சகர்களுக்கும் நிகழ்ந்த வாணிகப் போட்டியே இதன் காரணம் என்பர் அறிஞர்.

ஏட்டில் உள்ளதைக் கல்லில் காண விழைவோர் போரிவலிக் காட்டினுள் இருக்கும் கான்ஹேரிக்குச் செல்ல வேண்டும். கரும்பாறையைக் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் அங்குள்ளன. பெரிய சைத்தியத்தின் தூண்களை வியந்துவிட்டுத் திரும்புவோரே மிகுதி. நான் அன்பர்களை வேண்டுவது, குகை வாயில்தோறும் உள்ள நீர்த்தொட்டிகளின் அருகே சற்று நிற்குமாறுதான். மழை நீர் ஒரு துளியும் வீணாகாதபடி பாறையில் கால்கள் வெட்டித் தொட்டிகளில் சேர்த்திருக்கிறார்கள். அத்தொட்டிகளில் ஒன்று கல்யாண் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் அளித்த கொடை. பாதை ஒன்று அதே நகரத்துக் கருமான் அளித்தது. அரசரும் அமைச்சரும் அல்லர். பட்டறையில் உழைத்து உண்டவர்கள். அவர்கள் ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் பிராமி எழுத்தில் இன்றும் நிற்கின்றன. பிழைப்புக்காக வந்து தொழிலால் அறியப்படும் நமக்கு இவர்கள் அந்நியரா?

அங்கு மற்றொரு தொட்டியின் மீதுள்ள கல்வெட்டு, வாசிட்டிபுத்திர சாதகர்ணியின் அரசியைக் குறிப்பிடுகிறது. அவள் சகர் குலத்து மகாக்ஷத்திரபன் மகள். பகைவர் இரு குடியினரும் மணவுறவு கொண்டதை ஒரு தண்ணீர்த் தொட்டியே நமக்கு அறிவிக்கிறது! இச்சாதவாகன மரபினரின் வெள்ளிக் காசுகள் நமக்கு மேலும் நெருக்கமானவை. ஒரு புறம் அரசன் முகமும் பிராகிருதத் தொடரும். மறுபுறம் தமிழோடு நெருங்கிய மொழி. 'மகனுக்கு' என நாம் சொல்வதை 'மகனகு' என்று பொறித்திருக்கிறார்கள். மராட்டிய மண்ணை ஆண்டவர் காசில் 'மகன்' என்னும் சொல் இருப்பதைக் காட்டிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி வேறென்ன வேண்டும்? 1882-இல் பகவன்லால் இந்திராஜி நாலா சோபாராவில் தூபியைத் தோண்டியபோது பேழையுடன் யக்ஞ சாதகர்ணியின் வெள்ளிக் காசு ஒன்றும் கிட்டிற்று. அப்பேழையும் எட்டு வெண்கலப் புத்தர் உருவங்களும் கோட்டைப் பகுதியில் உள்ள ஏசியாடிக் சொசைட்டியின் பொறுப்பில் உள்ளன.

அதே ஆண்டு அங்கே கண்டெடுத்த அசோகர் கல்வெட்டுத் துண்டைக் காண, இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என வழங்கும் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். 1905-இல் அடிக்கல் நாட்டி, ஜார்ஜ் விட்டெட் வரைந்த வடிவில் எழுந்த இம்மாளிகை, முதல் உலகப் போரில் படைவீரர் மருத்துவமனையாகப் பயன்பட்டு, 1922-இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. அதன் குவிமாடத்தைப் பேருந்துச் சன்னலிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்தவன் நான். உள்ளே சென்றதோ மகள் கேள்விக்குப் பிறகே. அத்துண்டு எட்டாம் பாறைக் கட்டளையைச் சேர்ந்தது. முன்னை மன்னர் வேட்டைக்கும் களிப்புக்கும் ஊர்சுற்றினர். தாம் முடிசூடிய பத்தாம் ஆண்டில் போதிமரம் கண்டபின் அறப்பயணமே மேற்கொண்டதாக அசோகர் அதில் அறிவிக்கிறார். சுற்றுலாச் செல்வோர் கூட்டத்தில் நின்றுகொண்டு அதைப் பொருளறிந்து பார்ப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

பைகுல்லாவில் 1872-இல் திறந்த பாவு தாஜி லாட் அருங்காட்சியகமும் காணத்தக்கதே; எலிபெண்டாத் தீவுக்கு அப்பெயர் தந்த கல் யானை அதன் தோட்டத்தில் நிற்கிறது. அண்மையிலுள்ள அம்பர்நாத்தை மட்டும் யாரும் தவிர்த்தல் ஆகாது. கல்யாணிலிருந்து மூன்றாம் நிலையம். சிலாகார மன்னர் காலத்தில், 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு நிற்கும் சிவாலயம் அது. கருவறைக்குப் படியிறங்கிச் செல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஐம்பதாண்டே இளையது என்று கணக்கிட்டுச் சொன்னவள் என் மகள்.

பின்னொரு ஞாயிறு மாலை அவளைத் துர்காடிக் கோட்டை மேட்டிற்கு அழைத்துச் சென்றேன். கீழே உல்லாஸ் ஆறு கழிமுகமாய் விரிந்து கிடந்தது. "கிரேக்கக் கப்பல் எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும்?" என்று கேட்டாள். மேற்கே, தாணேயை நோக்கி நீர் வளைந்து திரும்பும் இடத்தைக் காட்டினேன். "அப்போ நம்ம ஊருக்குக் கடல் வழியாவும் வரலாம்" என்றாள்.