புளோகே சகோதரிகள் ஆடையகமும் வியன்னாப் பட்டறையின் நகைகளும்

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், மரியாஹில்ஃபர் தெருவில் 1904 ஆம் ஆண்டு ‘புளோகே சகோதரிகள்’ என்ற ஆடையகம் திறக்கப்பட்டது. பவுலின், ஹெலன், எமிலி ஆகிய மூவரும் இதை நடத்தினர். ஹெலன், ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட்டின் தம்பி எர்ன்ஸ்ட்டை மணந்து 1892 இல் கணவரை இழந்தவர். எமிலி கிளிம்ட்டின் நெடுநாள் தோழி. கிளிம்ட் வரைந்த ஓவியத்தின் வழியாகவே எமிலியை இன்று பலரும் அறிவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கடையைக் கட்டி நடத்தியவர் என்ற செய்தி அந்த ஓவியத்தின் பின்னால் மறைந்து போனது முறையன்று.

கடை திறப்பதற்கு முந்தைய ஆண்டில்தான், 1903 இல், ‘வீனர் வெர்க்ஷ்டேட்டே’ (வியன்னாப் பட்டறை) தோன்றியது. கட்டடக் கலைஞர் யோசப் ஹோஃப்மன், ஓவியர் கோலோமன் மோசர் ஆகியோரின் கருத்துக்கு, செல்வர் ஃபிரிட்ஸ் வேர்ன்டோர்ஃபர் பணம் கொடுத்தார். ஆலைகள் மலிவாகச் செய்து குவித்த பொருட்களுக்கு மாற்றாக, கையால் செய்த நல்ல பொருட்களை அன்றாட வாழ்வில் புகுத்துவது இதன் நோக்கம். வைரத்தின் விலையால் நகைக்கு மதிப்பு வருவதை இப்பட்டறை ஏற்கவில்லை. வெள்ளியில் ஓபல், பவளம், நிலாக்கல், மலக்கைட் போன்ற விலை குறைந்த கற்களைப் பதித்தனர். இவற்றின் நிறமும் வேலைப்பாடுமே மதிப்பு என்றனர். வடிவமைத்தவரின் முத்திரையோடு, செய்து முடித்த பொற்கொல்லரின் முத்திரையையும் பொருளில் பொறித்தனர். தொழிலாளியின் அடையாளம் முதலாளியின் பெயரில் கரைந்துவிடும் வழக்கத்திற்கு இது நேர் எதிரானது.

இவ்விரு நிறுவனங்களின் உறவு கடையின் உட்புறத்திலேயே தொடங்கியது. கறுப்பும் வெள்ளையுமான கட்டங்களைக் கொண்ட அறைகளையும் இருக்கைகளையும் பட்டறையே அமைத்துக் கொடுத்தது. அடுத்து ஆடை. அக்காலப் பெண்கள் இடுப்பை இறுக்கும் கச்சு அணிந்தனர்; மூச்சு விடுவதே கடினம். எமிலி ஆதரித்த ‘சீர்திருத்த ஆடை’ தோளிலிருந்து தளர்வாகத் தொங்கும். இடுப்பில் பிடிப்பில்லாத அந்த அகலமான துணிப்பரப்பில், மார்பில் குத்தும் சிறு சதுர வெள்ளி ஊசியே கண்ணை ஈர்க்கும் இடமாகிறது. இந்த நகைக்கு அந்த ஆடை பொருந்தியதுபோல் கச்சு ஆடை பொருந்தியிருக்காது. கிளிம்ட் இப்பட்டறையின் நகைகளை வாங்கி எமிலிக்குப் பரிசளித்தார். 1906 இல் அட்டர் ஏரிக்கரையில் அவர் எடுத்த ஒளிப்படங்களில், எமிலி தளர்வான ஆடையோடு அந்நகைகளை அணிந்து நிற்கிறார். அவை ஜெர்மன் கலை இதழொன்றிலும் வெளியாயின. விளம்பரம் என்று சொல்லாமலே இரு தொழில்களுக்கும் அமைந்த விளம்பரம் எனலாம்.

ஆயினும் சீர்திருத்த ஆடையை வாங்கியோர் சிலரே. எமிலி பாரிசுக்குச் சென்று புதுப்பாணிகளைப் பார்த்துவந்து, வழக்கமான ஆடைகளையும் தைத்து விற்றார். தையற்பெண்களுக்குக் கூலி கொடுக்க அது தேவைப்பட்டது. கடை செழித்த காலத்தில் அவர்கள் ஏறத்தாழ 80 பேர். பட்டறைக்கும் பணமுடை. கையால் செய்த பொருளின் விலை சாதாரண மக்களுக்கு எட்டவில்லை, வாங்கியவர் செல்வரே. மோசர் 1907 இல் விலகினார். வேர்ன்டோர்ஃபர் செல்வத்தை இழந்து 1914 இல் அமெரிக்கா சென்றார். இதற்கிடையே பட்டறை தனக்கென ஆடைப்பிரிவு ஒன்றைத் தொடங்கியதால், பழைய கூட்டாளி அதே நகரில் போட்டியாளராகவும் ஆனது. 1932 இல் பட்டறை மூடப்பட்டது.

ஆடையகம் அதற்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. அதன் வாடிக்கையாளரில் பலர் யூதக் குடும்பத்தினர். 1938 இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும் அவர்கள் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது, கடையும் மூடப்பட்டது. 1945 இல் போரின் இறுதியில் எமிலியின் வீடு தீப்பற்றி, அவர் சேர்த்துவைத்தவற்றில் பெரும்பகுதி அழிந்தது. எமிலி 1952 இல் காலமானார். அவர் தைத்த ஆடைகள் அரிதாகிவிட்டன. வெள்ளி ஊசிகளும் கழுத்தணிகளும் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றில் வடிவமைத்தவரின் முத்திரைக்கு அருகே பொற்கொல்லரின் முத்திரையையும் காணலாம்.