எவ்வளவு கிட்டப் போறது? வில்லைகளின் வரலாறும் எங்கட கமராவும்

டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்று கையில் கிடைத்த எவருக்கும் இரண்டாவது கிழமையே ஒரு கேள்வி வந்துவிடும்: அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம்? கடையில் கேட்டால் தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்கிற பெரிய சூம் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார்கள். யூடியூப்பில் தேடினால் பின்னணியை மங்கலாக்குற 50 மி.மீ. எண்டு சொல்லுவார்கள். இரண்டு பதிலும் பிழையில்லை. ஆனால் லென்ஸைத் தெரிவு செய்யும்போது இன்னொன்றையும் சேர்த்துத் தெரிவு செய்கிறோம். படம் எடுக்கப்படும் மனிதரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறோம் என்பதுதான் அது. அமிர்தகழியில், வாவியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் படம் எடுக்க நினைக்கிற எங்களுக்கு இது சின்ன விடயமில்லை. எங்கட ஆட்களைப் பிறர் படம் எடுத்த வரலாறு அதற்குக் காரணம்.

வில்லையிலிருந்தே தொடங்குவோம். 1839இல் புகைப்படக்கலை பாரிசில் அறிவிக்கப்பட்டபோது மனிதரைப் படம் எடுப்பது பெரும்பாடு. அப்போதைய வில்லைகள் மிகக் குறைந்த வெளிச்சத்தையே உள்ளே விட்டன. வெயிலில் பல நிமிடம் அசையாமல் இருந்தால்தான் முகம் பதியும். அடுத்த வருடம், 1840இல், வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு ஒரு வில்லையை வடிவமைத்தார். அதன் துவாரம் இன்றைய கணக்கில் எஃப் 3.6. முந்தைய வில்லைகளைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் வெளிச்சம். இருக்கும் நேரம் நிமிடத்திலிருந்து விநாடிகளுக்கு இறங்கியது. ஓரங்கள் மங்கின, நடு மட்டும் கூர்மையாக நின்றது. முகத்துக்கு அது போதும். ஊர் ஊராக ஸ்டூடியோக்கள் வந்ததற்கு இந்த வில்லையும் ஒரு காரணம். இப்போதும் ‘போர்ட்ரைட் லென்ஸ்’ எண்டு நாங்கள் சொல்லுறதுக்குப் பின்னால நிற்கிறது பெட்ஸ்வாலின் கணக்குத்தான்.

அந்த வகை வில்லை ஒன்றோடு படம் எடுக்கத் தொடங்கியவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1863இல், 48 வயதில், இங்கிலாந்தில் முதல் கமரா அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. பிறகு 1866இல் 30 அங்குலக் குவியத்தூரம் கொண்ட டால்மேயர் வில்லைக்கு மாறினார். முகத்தைச் சட்டகம் முழுக்க நிறைக்கும் அவரது படங்கள் இன்றைக்கும் பேசப்படுகின்றன. கவிஞர் டெனிசன், வானியலாளர் ஹேர்ஷல், டார்வின் எல்லோரும் அவர் முன்னால் இருந்தார்கள். படங்களுக்குக் கீழே அவர்களின் பெயர்களும் இருக்கின்றன.

1875இல் கமரன் குடும்பம் இலங்கைக்கு வந்தது. கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்படும்வரை அவர் இங்கேதான் வாழ்ந்தார். இங்கே எடுத்தவற்றில் மிகச் சில படங்களே எஞ்சியுள்ளன. ஓவியர் மரியான் நோர்த் 1877இல் களுத்துறைக்கு வந்தபோது எடுத்த படத்தில் அவர் பெயர் தெரிகிறது. அதே வீட்டைச் சுற்றி எடுத்த மற்றவர்களின் படங்களோ ‘களுத்துறைக் குடியானவர்கள் குழு’ என்பதுபோன்ற தலைப்போடு நின்றுவிடுகின்றன. படம் எடுத்தவர் ஒருவர்தான், திறமையும் அதேதான். இங்கிலாந்தில் பெயர் கேட்ட கலை, இங்கே கேட்காமல் போனது.

இது ஒருவரின் குறை மட்டுமில்லை. கொழும்பில் ஸ்கீன், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற ஸ்டூடியோக்கள் விற்ற படங்களையும் அஞ்சலட்டைகளையும் பாருங்கள். ‘தமிழ்ப் பெண்’ என்ற அளவோடு விபரம் முடிந்துவிடும். எங்கட கரைக்குக் கிட்டவும் இந்தக் கதை உண்டு. சுவிற்சலாந்தின் பாசல் நகரத்து உறவினர்களான போல் சரசின், பிரிட்ஸ் சரசின் இருவரும் 1880களில் வேடர்களைத் தேடி வந்தார்கள். அளந்தார்கள், படம் எடுத்தார்கள், 1892-93இல் பெரிய நூலாக வெளியிட்டார்கள். 1911இல் வந்த செலிக்மன் தம்பதியினரின் நூல் கிழக்குக் கரையோர வேடர்களையும் பற்றிப் பேசுகிறது. முகத்தை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என எடுப்பது அக்கால மானிடவியல் வழக்கம். அந்தப் படங்களில் கமரா நன்றாகக் கிட்டவே நிற்கிறது. ஆனால் அதிகாரம் உள்ளவர் கிட்ட வருவதும் உறவாக வருவதும் ஒன்றல்ல. ஆகவே மீற்றர் கணக்கு மட்டும் எல்லாவற்றையும் தீர்க்காது என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

20ஆம் நூற்றாண்டில் கமரா சின்னதானது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா சட்டைப் பைக்குள் போகக்கூடியது. பொதுவாக 50 மி.மீ. வில்லையோடு வந்தது. கொழும்பின் லயனல் வென்ட் (1900-1944) லைக்காவும் ரோலிபிளெக்சும் வைத்துக்கொண்டு இலங்கை மனிதரையும் உடலையும் நிலத்தையும் எடுத்தார். கூடாரம்போல் துணி போட்டு மூடும் பெரிய பெட்டி இல்லை, ஆளைத் தாங்கிப் பிடிக்கிற கம்பியும் இல்லை. படம் எடுப்பவர் நடந்து போய்க் கிட்ட நிற்கலாம் என்ற நிலை வந்தது.

1959இல் இரண்டு விடயங்கள் நடந்தன. நிக்கோன் எஃப் என்ற எஸ்எல்ஆர் கமரா வந்தது. அதே வருடம் 36-82 மி.மீ. சூமார், ஸ்டில் கமராவுக்கான சூம் வில்லையாகச் சந்தைக்கு வந்தது. இனி நடக்கத் தேவையில்லை, வளையத்தைத் திருப்பினால் போதும். 2003இல் கனன் நிறுவனம் 300டி என்ற கமராவை ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் கீழே கொண்டுவந்தது. அதோடு வந்ததுதான் 18-55 மி.மீ. வில்லை. இன்றைக்குப் பாவித்த கமரா வாங்குகிற மாணவர் எல்லோர் கையிலும் இருக்கிற ‘கிட் லென்ஸ்’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நிறுவனங்கள் கண்ணாடியில்லாக் கமராக்களுக்கு மாறிக்கொண்டிருப்பதால் பழைய டிஎஸ்எல்ஆர்கள் இப்போது எங்கள் கைக்கு எட்டுகின்றன.

இனிக் கொஞ்சம் கணக்கு. ஆரம்பநிலைக் கமராக்களின் சென்சர் பழைய பிலிம் சட்டகத்தைவிடச் சின்னது. அதனால் காட்சி ஒடுங்கித் தெரியும். கனனில் 1.6ஆலும் நிக்கோனில் 1.5ஆலும் பெருக்கிப் பார்க்க வேண்டும். கனனில் போட்ட 50 மி.மீ., பிலிம் கமராவின் 80 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். தலையும் தோளும் தெரிகிற ஒரு படத்தை நிமிர்த்திய சட்டகத்தில் எடுப்பதாக வைப்போம். 18 மி.மீ. என்றால் அரை மீற்றரில் நிற்க வேண்டும். மூக்குப் பெருத்துத் தெரியும், ஆளும் பின்னுக்குச் சாய்வார். 50 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர். 250 மி.மீ. என்றால் ஏழு மீற்றர்.

ஒன்றரை மீற்றர் என்பது எங்கட ஊரில் திண்ணையில் இருந்து கதைக்கிற தூரம். ‘எந்தப் பக்கம் பிள்ளை நீங்க?’ எண்டு கேட்கலாம், பதில் சொல்லலாம், வேண்டாம் எண்டு கையையும் அசைக்கலாம். ஏழு மீற்றரில் இருக்கிறவருக்குத் தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்பதே தெரியாமல் போகலாம்.

ஆடி அமாவாசையில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தக்குளத்தை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் நீராடுகிறார்கள், இறந்த தகப்பனுக்காகக் கடன் கழிக்கிறார்கள். குளத்தின் இந்தப் படிக்கட்டில் நின்று 250ஐத் திருப்பினால் அந்தப் படிக்கட்டில் அழுகிற ஒருவரின் முகம் முழுதாகக் கிடைக்கும். படம் நல்லாத்தான் வரும். யுத்தமும் கடத்தலும் 2004 டிசம்பர் 26உம் கடந்துபோன ஊர் இது. அந்தக் கண்ணீர் யாருக்கானது எண்டு தெரியாமல் எடுக்கிற படத்துக்கும் ‘தமிழ்ப் பெண்’ அஞ்சலட்டைக்கும் இடையில் என்ன வித்தியாசம்? எடுத்தவர் நம்மட ஆள் என்பது மட்டும் போதுமா? போதாது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

அதற்காக நீள வில்லை கூடாதென்று சொல்ல வரவில்லை. வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறவரிடம் நடந்து போக முடியாது. கண்டல் கரையில் நிற்கிற கொக்குக்கும் அது வேணும். குளத்தின் முழுக் கூட்டத்தையும் காட்ட 18 மி.மீ. வேணும். எதை எதற்கு எடுக்கிறோம் எண்டு தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பரிந்துரை இப்படி. முதல் ஆறு மாதம் கிட் லென்ஸ் போதும். பிறகு ஒன்று வாங்க முடியுமென்றால் 50 மி.மீ. எஃப் 1.8, அல்லது அறைக்குள் அதிகம் எடுப்பவர் என்றால் 35 மி.மீ. விலையும் குறைவு, பாரமும் குறைவு. கிட் லென்ஸின் நீள முனையில் துவாரம் எஃப் 5.6. அதைவிட எஃப் 1.8இல் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வரும். இரவுக் கூத்தில், வட்டக்களரிக்குப் பக்கத்தில் சனத்தோட சனமாக இருந்து, ஃபிளாஷ் அடித்து ஆடுபவரின் கண்ணைக் கூசவைக்காமல் எடுக்க அது உதவும். குளிர்த்திச் சடங்கு மாதிரி இடங்களில் முதலில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கமரா பைக்குள் போக வேண்டும், அதற்கு எந்த லென்சும் பதில் இல்லை.

பாவித்த லென்ஸ் வாங்கும்போது இரண்டு சோதனை. நிக்கோன் டி3000 வரிசைக் கமராக்களில் குவியப்படுத்தும் மோட்டர் உடலுக்குள் இல்லை. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய வில்லைகளே தானாகக் குவியும், ஏஎஃப்-பி பழைய உடல்கள் எல்லாவற்றிலும் வேலை செய்யாது. அடுத்தது பூஞ்சணம். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள எங்கட கரையில் கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரி படரும். வில்லையின் ஒரு பக்கத்தால் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள், தெரிந்துவிடும். வாங்கிய பிறகு காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

கடைசியாக, எந்தப் புது லென்சும் வாங்காமலே செய்யக்கூடிய வேலை ஒன்று. இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் கடல் அல்பத்தைக் கொண்டுபோனது. இடப்பெயர்வில் இன்னும் பல போயின. காணாமல் போன மகனின் அடையாளமாகக் கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றை மட்டும் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்திருக்கிற தாய்மாரை எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தப் படங்கள் மங்கிக்கொண்டிருக்கின்றன. கனன் 18-55 வில்லைகளில் பெரும்பாலானவை 25 சென்ரிமீற்றர்வரை கிட்டப் போகும். 55இல் வைத்து அந்தத் தூரத்தில் எடுத்தால் அத்தனை சின்னப் படமும் சட்டகத்தின் பெரும்பகுதியை நிறைக்கும். படத்தை மேசையில் தட்டையாக வைத்து, கமராவை அதற்கு நேர் மேலே சமாந்தரமாகப் பொருத்துங்கள். வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து சாய்வாக வரட்டும், ஃபிளாஷ் வேண்டாம். துவாரம் எஃப் 8, அசையாமலிருக்க இரண்டு விநாடி டைமர். உறையிலிருந்து படத்தை எடுக்கும் கை அந்த வீட்டாரின் கையாகவே இருக்கட்டும், ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் உறையோடே எடுங்கள். பிரதி ஒன்றை அச்சிட்டு அவர்களிடமே கொடுங்கள்.

எடுக்கும்போது படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம், எங்கே எடுத்தது எண்டு கேட்டு எழுதுங்கள். 1870களில் களுத்துறையில் ஒருவரும் கேட்காத கேள்விகள் அவை. அமிர்தகழியில் இப்பவும் கேட்கலாம், பதில் தெரிந்த பெரியாக்கள் இன்னும் இருக்கிறார்கள். வருகிற விடுமுறையில் ஒவ்வொருவரும் தங்கட வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருந்து தொடங்குவோம்.