புகையடுப்பும் நுரையீரல் இரத்த அழுத்தமும்: பத்மாவதியின் டில்லி ஆய்வுகள்

1959-இல் ‘சர்க்குலேஷன்’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் டில்லியிலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. எஸ். பத்மாவதியும் எஸ். என். பதக்கும் எழுதியது. ‘கார் பல்மோனேல்’ நோயால் பாதிக்கப்பட்ட 127 பேரை அது ஆராய்ந்தது. நாட்பட்ட நுரையீரல் நோயால் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் பருத்துத் தளர்வதே இந்நோய். மேலைநாடுகளில் இது பெரும்பாலும் புகைபிடிக்கும் முதிய ஆண்களின் நோயாக அறியப்பட்டிருந்தது. டில்லியிலோ பெண்களும் ஏறத்தாழ ஆண்களுக்கு நிகராக, அதுவும் அவர்களைவிட இளம் வயதிலேயே பாதிக்கப்பட்டிருந்தனர்.

பத்மாவதி 1917-இல் பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் பயின்றார். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது குடும்பத்துடன் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்தார். லண்டனிலும் சுவீடனிலும், பின்னர் அமெரிக்காவில் ஹெலன் டாசிக், பால் டட்லி ஒயிட் ஆகியோரிடமும் பயின்று, 1953-இல் டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது பெண்களுக்கான கல்லூரி. ஆய்வுக்கு இது எவ்வளவு உதவியது என்பது போதிய அளவு பேசப்படவில்லை என்றே தோன்றுகிறது. மூச்சிரைப்புடனும் வீங்கிய கால்களுடனும் வந்த பெண்கள் அங்கே அவர் கண்முன் இருந்தார்கள்.

நுரையீரலின் ஒரு பகுதிக்கு ஆக்சிசன் குறைந்தால் அங்குள்ள நுண்தமனிகள் சுருங்கும். இதை 1946-இல் பூனைகளிடம் காட்டியவர்கள் சுவீடனின் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும். சிறு பகுதியில் நிகழ்ந்தால் இது நன்மையே. இரத்தம் நல்ல பகுதிக்குத் திரும்பும். நுரையீரல் முழுவதும் ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்தால் குழாய்ச் சுவர் தடித்துவிடும். பிறகு வலது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் அடைபட்ட வாய்க்காலில் நீர் தள்ளுவதுபோல் உழைக்க வேண்டும்.

அப்பெண்களில் பெரும்பாலோர் பீடியைத் தொடாதவர்கள். 1976-இல் வெளியான மற்றொரு டில்லி ஆய்வில், நோயுற்ற ஆண்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் புகைபிடிப்பவர்கள். பெண்களில் பத்தில் ஒருவர்தான். எஞ்சியது அடுப்பு. காற்றோட்டமில்லாத அறையில் விறகும் வறட்டியும் எரிய, சிறுவயது முதல் ஊதுகுழலோடு குனிந்திருந்தவர்கள் அவர்கள். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் கரி படிந்த சமையலறைச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் புகையின் அளவைக் காட்டும் எண்கள் அப்போது கையில் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் கர்க் ஸ்மித் அதை அளந்தார். 2002-இல் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களின் அளவீடுகளை வெளியிட்டனர். இடையே 1993-இல் மெக்சிகோ மருத்துவர்கள், புகைபிடிக்காமல் விறகடுப்பில் சமைத்த பெண்களின் நுரையீரல் தமனி அழுத்தம் உயர்ந்திருப்பதைப் பதிவு செய்தனர்.

பத்மாவதி 2020 ஆகஸ்ட் 29 அன்று, 103-ஆம் வயதில், கொரோனா தொற்றால் காலமானார். ஏழைப் பெண்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வாலா திட்டம் அதற்கு நான்காண்டு முன்புதான் தொடங்கியிருந்தது. அடுத்த சிலிண்டர் வாங்க இயலாத வீடுகளில் விறகடுப்பு இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது.