தஞ்சாவூரில் அறுந்த கயிறு

போன வருஷம் எங்க புராஜெக்ட்டை ஒரு வெள்ளிக்கிழமை மூடினார்கள். திங்கட்கிழமை எல்லோருக்கும் 'மனஉறுதி' பற்றி ஆன்லைன் வகுப்பு. மூணு மணி நேரம் "விடாதே, எழுந்து நில்" என்றார்களே தவிர, எழுந்து நின்றபின் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது ஞாபகம் வந்தவர் வில்லியம் லாம்டன்.

இந்தியாவின் பெரிய முக்கோண நில அளவையை ஆரம்பித்த ராணுவ அதிகாரி. அதற்கு முன்னால் கனடாவில் பல வருஷம் படைவீடுகளை மேற்பார்த்த சாதாரண வேலை. ஐம்பதை ஒட்டிய வயதில், 1802 ஏப்ரலில், சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை 100 அடி சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். முடிக்க 57 நாள். அதற்குப் பிறகு தரையில் அளப்பது குறைவு. முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். ஆக, கோணம் அளக்கும் தியோடலைட்தான் உயிர். எடை அரை டன். கோணத்தைப் படிக்கும் வட்டம் மட்டும் 3 அடி அகலம். (லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பியது தனிக்கதை.)

காவிரி டெல்டாவில் மலை கிடையாது, தென்னை பார்வையை மறைக்கும். அதனால் கோயில் கோபுரங்கள் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோதி, வட்டம் நெளிந்துவிட்டது. வட்டம் நெளிந்தால் படிக்கும் ஒவ்வொரு கோணமும் தப்பு.

லாம்டன் கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். சில கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. புலம்பப் போகவில்லை. ஒரு தட்டையான பலகையில் பழைய வட்டத்தின் அதே அளவுக்கு ஒரு வட்டம் வரைந்தார். ஆரத்தை எடுத்து விளிம்பில் வைத்துக்கொண்டே போனால் சரியாக ஆறு பாகம் வரும், நாம் ஆறாம் வகுப்பில் காம்பஸை வைத்துப் போட்ட அதே பூ. நெளிந்த வட்டத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்து, ஆப்பு, திருகு, கப்பி கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வளைந்த ஆரக்கம்பிகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம். வட்டம் ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்தது.

நம்ம வேலையில் சர்வர் விழுந்தால் ராத்திரி முழுக்க முழித்திருப்பவரைப் பாராட்டுவோம். முழித்திருப்பது பெரிசில்லை. உள்ளே என்ன இருக்கு என்று அடிப்படையிலிருந்து தெரிந்தவர்தான் சரி செய்வார். வட்டம் என்றால் என்ன என்று லாம்டனுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் அவரால் உட்கார முடிந்தது என்பது என் கணிப்பு. அந்தக் கருவியோடு வேலை தொடர்ந்தது. 1823 ஜனவரியில், மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலைப் பயணத்திலேயே இறந்தார்.

சமீபத்தில் மகளோடு பெரிய கோயிலுக்குப் போனேன். வழிகாட்டி 80 டன் கல் மேலே போன கதையைச் சொன்னார். நான் அரை டன் பெட்டி விழுந்த கதையைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா, கயிறு பிடிச்சவங்களை என்ன பண்ணாங்க?"